குமாஸ்தா கேட்ட கேள்வி

அக்கா “ம்” என்றாள்.

தங்கைக்காரி போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். எண் சரிதான். டிரைவிங் ஸ்கூல் காரின்மேல் சாய்ந்துகொண்டு உதட்டைச் சுழித்து நிற்கும் அக்காவின் படமும் சரிதான். ஆனால் அக்கா “ம்” என்கிற ரகம் கிடையாது. எப்போது வீட்டுக்கு வருவாய் என்று கேட்டால்கூட, அன்றைக்குக் காரோட்டக் கற்றுக்கொள்ள வந்த மனுஷர் ரிவர்ஸ் எடுக்கும்போது எந்தச் சுவரை முத்தமிட்டார், கிளட்ச்சை மிதி என்றால் எதற்காகக் கண்ணை மூடிக்கொண்டார் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள்.

“மாத்திட்டேன்க்கா. இனிமே நீ யாரையும் சார்ந்தவ இல்ல. சந்தோஷம்தானே?”

“ம்.”

கோபமாக இருந்தால் அந்த “ம்”மில் ஒரு முள் இருக்கும். தூக்கக் கலக்கமாக இருந்தால் ஒரு இழுவை இருக்கும். இதில் எதுவும் இல்லை. பின்னால் டி.வி. சத்தம் இல்லை, ஃபேன் சத்தம் இல்லை, மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. ஆளில்லாத ஒரு பெரிய கூடத்தில் யாரோ போனை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு வெற்று அமைதி, அதன் நடுவில் அந்த ஒற்றை எழுத்து. அவள் இன்னும் ஏதாவது வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. தானே போனை வைத்தாள்.

ஆபீசில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். எதையும் முழுசாகப் படிக்கிற பழக்கமில்லை, படிப்பதற்குள் விரல் என்டர் பட்டனுக்குப் போய்விடும் என்பதால் வந்த பெயர். அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. வேலை முடிந்தால் சரி.

அவள் கம்பெனி, அபார்ட்மெண்ட்களுக்கு ஓர் ஆப் செய்து கொடுத்தது. கேட் திறப்பது, லிஃப்ட் வருவது, பார்சல் வாங்குவது எல்லாம் அதன் வழியாகத்தான். முதல் வாடிக்கையாளர், அக்காவும் அவளும் குடியிருந்த அதே அபார்ட்மெண்ட். ஒவ்வொரு வீடும் யாராவது ஒருவர் பெயரில் பதிவாகும். வீட்டில் இருக்கும் மற்றவர்கள் எல்லாம் “சார்ந்தவர்” என்கிற கட்டத்துக்குள் போவார்கள். வீடு தங்கை பெயரில் இருந்ததால் அக்கா சார்ந்தவர் ஆனாள். அவள் லிஃப்ட்டில் ஏறும்போதெல்லாம் அந்த வார்த்தை சின்னத் திரையில் வந்து நின்று அவள் முகத்தைப் பார்க்கும்.

“சைக்கிள் கேரியர்ல உன்னை உக்கார வச்சு ஸ்கூல் வரைக்கும் மிதிச்சவ நான். நான் உன்னைச் சார்ந்தவளாடி, சுண்டெலி?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அதற்கப்புறம் முட்டிவலியோடு படியேற ஆரம்பித்தாள். அதுதான் தங்கையைக் குத்தியது. அப்பா அம்மா போன பிறகு தன் படிப்பை நிறுத்திவிட்டு இவளைப் படிக்க வைத்தவள், இவள் வாங்கிய வீட்டின் லிஃப்ட்டில் ஏறக் கூசுகிறாள். மீட்டிங்கில் சண்டை போட்டு, “சார்ந்தவர்” என்பதை “உடனிருப்பவர்” என்று மாற்ற அனுமதி வாங்கினாள். இன்று மாலை மாற்றியும் விட்டாள்.

ஆப்பில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஆப் என்பது கவுண்ட்டரில் உட்கார்ந்து பதில் சொல்கிறவர் என்றால், டேட்டாபேஸ் என்பது உள்ளறையில் இருக்கும் அலமாரி. ஒவ்வொரு கட்டமும் அதில் ஒரு தட்டு, அதில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு வரிசை. கவுண்ட்டரில் ஒரு தட்டின் பெயர் மாறினால், அலமாரியிலும் மாற்றச் சொல்லி உத்தரவு போக வேண்டும். முன்பெல்லாம் அந்த உத்தரவுகளை ஆட்கள் எழுதினார்கள். இப்போது அதற்கென்று ஒரு புரோகிராம். ஆப்பின் கோடிங்கை ஒரு தடவை பார்க்கும், அலமாரியை ஒரு தடவை பார்க்கும், இரண்டுக்கும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்து உத்தரவைத் தானே எழுதித் தானே நிறைவேற்றிவிடும். ஆபீசில் அதைக் குமாஸ்தா என்பார்கள். லீவு கேட்காத, டீ குடிக்கப் போகாத, ஏன் என்று கேட்காத குமாஸ்தா.

ஏன் என்று கேட்காததுதான் ஆபத்து என்பார் டீம் லீடர். அவரை எல்லோரும் ஹெட்மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். குமாஸ்தா எழுதுகிற உத்தரவை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அதற்கப்புறம்தான் ஓட்ட வேண்டும் என்பது அவர் சட்டம். இன்று அவர் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். மற்றவர்கள் மழைக்குப் பயந்து சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். உரக்கப் படித்தாலும் காலி நாற்காலிகள்தான் கேட்டிருக்கும்.

குமாஸ்தா ஒரே ஒரு கேள்வி கேட்டது. அது அடிக்கடி ஏதாவது கேட்கும். அவள் ஒரு கையால் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, வேலையாக இருக்கும்போது யாராவது எதையாவது கேட்டால் வழக்கமாக என்ன சொல்வாளோ அதையே தட்டி என்டரை அமுக்கினாள். பச்சை எழுத்தில் “முடிந்தது” என்று வந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

அந்த “ம்” வந்தது.

ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மழை தூறிக்கொண்டிருந்தது. இருட்டிவிட்டாலும் கடைகள் மூடுகிற நேரமில்லை. நனைந்த தார்ச்சாலையில் விளக்குகள் நீளநீளமாக உருகி ஓட, முன்னால் போகிற பஸ்ஸின் சக்கரங்கள் தண்ணீரைக் கிழிக்கிற சத்தத்துக்கு நடுவே, அவளுக்குத் திரும்பத் திரும்ப அக்காவின் மூச்சு கேட்காததுதான் ஞாபகத்துக்கு வந்தது. சிக்னல் பிரச்சினையாக இருக்கும். வேறென்ன.

அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேன் குடையை மடக்கிக்கொண்டு எழுந்தார்.

“உங்கக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா மேடம்? என் சைக்கிளப் பாத்து எதாவது நக்கல் அடிக்காம உள்ள போகவே மாட்டாங்க. இன்னிக்குக் குப்பை கொட்ட வந்தவங்க வாளியோட அப்படியே நிக்கறாங்க. நான்தான் கையப் பிடிச்சு லிஃப்ட் வரைக்கும் கொண்டு விட்டேன்.”

“எப்போ?”

“சாயந்தரம். அவங்க மட்டும் இல்ல மேடம், பாதி ஜனம் அப்படித்தான் இருக்கு. குட் ஈவினிங் சொன்னா ம்-ங்குது. மழைக்கா இருக்கும்.” அவரே சொல்லி, அவரே நம்பாமல், கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

கீழ்த்தளத்தில் லிஃப்ட் திறந்திருந்தது. மூடியது. மறுபடி திறந்தது. உள்ளே மேல்மாடியில் மகனோடு இருக்கும் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார், கையில் குடை, குடையிலிருந்து சொட்டிய நீர் அவருடைய செருப்பைச் சுற்றிக் குளமாகி, வெகு நேரமாக அங்கேயே நிற்கிறார் என்று சொல்லியது. எந்தப் பட்டனையும் அவர் அமுக்கவில்லை. எந்த மாடி என்று அவள் கேட்டாள். அவர் தலையைத் திருப்பாமல் “ம்” என்றார்.

அதே “ம்”. ஆண் குரல், வயதான குரல், இருமலில் கரகரத்த தொண்டை. ஆனாலும் அதே “ம்”. முள்ளும் இல்லை, இழுவையும் இல்லை.

அவள் படிக்கட்டைப் பிடித்தாள்.

இந்த நேரத்தில் அந்தப் படிக்கட்டில் ஏறினால் ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு வீட்டின் சண்டையும் சிரிப்பும் கதவிடுக்கு வழியே வந்து காலைத் தட்டும். இன்றும் குரல்கள் வந்தன. ஆனால் பாதிப் பாதியாக வந்தன. ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு பெண், கரண்ட் பில்லை இந்தத் தடவையும் மறந்தாச்சா என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள். பதிலுக்கு “ம்” என்று ஓர் ஆண் குரல். அடுத்த கதவில் ஒருவர் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லி அதட்டினார். “ம்” என்றது ஒரு பிஞ்சுக் குரல். அதற்கு மேலே யாரோ அழுதுகொண்டே, என்னைப் பாருங்க, என்னை ஒரு தடவை பாருங்க என்று கெஞ்ச, கெஞ்சல் முடிகிற இடத்திலெல்லாம் கடிகாரம் அடிக்கிற மாதிரி ஒரு “ம்”. சுவர்களில் ஈரச் சுண்ணாம்பு வாசனை. கைப்பிடிக் கம்பி சில்லென்றிருந்தது. மாடி ஏற ஏற, அந்த “ம்”கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டடமே தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பது போலக் கேட்டது.

வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை.

உள்ளே விளக்கில்லை. தெரு விளக்கின் மஞ்சள், ஜன்னல் கம்பிகளின் நிழலோடு சாப்பாட்டு மேஜைமேல் விழுந்திருந்தது. மேஜைக்குப் பக்கத்தில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குப்பை வாளி அவள் மடியில் இருந்தது.

“என்னக்கா இருட்டுல?”

“ம்.”

சுவிட்சைத் தட்டினாள். வெளிச்சம் வந்ததும் அக்கா கண்ணைச் சுருக்கவில்லை.

முகம் அக்காவுடையதுதான். மூக்கு, வாய், காதோர நரை எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. ஆனால் அவற்றை யாரும் உபயோகிக்கவில்லை. வாளியை வாங்கித் தரையில் வைத்தாள். மடியில் வாளியைப் பிடித்திருந்த கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. அவள்தான் அவற்றை இறக்கி வைத்தாள். பக்கத்தில் குனிந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அக்காவிடம் எப்போதும் பழைய கார் சீட்டின் ரெக்ஸின் வாசனையும் பெட்ரோலும் முட்டிக்குத் தேய்க்கிற தைலமும் கலந்து அடிக்கும். இப்போது எந்த வாசனையும் இல்லை. கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளரை முகர்ந்த மாதிரி இருந்தது. மோவாயில் சைக்கிளிலிருந்து விழுந்து ஏற்பட்ட தழும்பு இருக்க வேண்டும், விரலால் தேடினாள். வழுவழுவென்றிருந்தது.

“அக்கா, நான் யாரு?”

“ம்.”

“என்னை எப்படிக் கூப்பிடுவ? சொல்லுக்கா.”

“ம்.”

கதவு தட்டப்பட்டது. அவள் துள்ளிவிட்டாள். எதிர் வீட்டுக்காரி, புடவை முந்தானை நனைந்து, ஏழெட்டு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ராத்திரி ஷிஃப்ட் போகிற நர்ஸ் அவள். காய்ச்சலை, வலிப்பை, ரத்தத்தை எல்லாம் பார்த்துப் பழகிய முகம் இன்று வெளுத்திருந்தது.

“உங்கக்கா வண்டியெடுப்பாங்களா? இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நாடி நல்லாருக்கு, பிரஷர் நல்லாருக்கு, எல்லாம் நல்லாருக்கு.” குரல் அங்கே உடைந்தது. “ஆனா இது எம்பொண்ணு மாதிரி இல்லைங்க.”

சிறுமி இவளைப் பார்த்தாள். பார்த்தாள் என்று சொல்ல முடியாது. கண்கள் இவள் பக்கம் இருந்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. லிஃப்ட்டில் நின்ற கிழவர், மகன் பெயரில் உள்ள வீட்டில் இருப்பவர். இந்தச் சிறுமி, அம்மா பெயரில் உள்ள வீட்டில் இருப்பவள். அக்கா, தன் பெயரில் உள்ள வீட்டில் இருப்பவள். பதிவில் பெயர் உள்ளவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. மற்றவர்களுக்குத்தான். அந்தக் கட்டத்தில் இருந்தவர்களுக்குத்தான்.

அக்காவுக்கே முடியவில்லை, வேறு வண்டி கூப்பிடுங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். பொய்யில்லை. ஆனாலும் நாக்கு கசந்தது.

லேப்டாப்பைத் திறந்து, குமாஸ்தா மாலையில் எழுதிய உத்தரவை எடுத்தாள். முதல் தடவையாக அதைப் படித்தாள். உரக்கப் படித்தாள். கேட்பதற்கு அக்கா இருந்தாள்.

“சார்ந்தவர் என்ற கட்டத்தை, அதில் உள்ளவற்றோடு நீக்கு. உடனிருப்பவர் என்ற புதுக் கட்டத்தைச் சேர். எல்லா வரிசைகளிலும்...”

நிறுத்தினாள். புதுக் கட்டத்தில் என்ன இடுவது என்று குமாஸ்தா கேட்ட கேள்விக்குத் தான் தட்டிய பதில் அங்கே, மேற்கோள் குறிகளுக்குள், பத்திரமாக இருந்தது.

“ம்” என்றாள் அக்கா.

ஹெட்மாஸ்டர் போனை எடுத்தபோது வாயில் பஞ்சு இருந்தது. அவள் வீட்டில் நடப்பதைச் சொல்லவில்லை. சொன்னால் என்னவென்று சொல்வது? பெயர் மாற்றியதையும், படிக்காமல் ஓட்டியதையும் மட்டும் சொன்னாள். பிறகு பஞ்சைத் துப்புகிற சத்தம்.

“பேர் மாத்தினது அதுக்குத் தெரியாதும்மா. பழைய தட்டு கோடிங்ல இல்லையா, தூக்கு. புதுசா ஒண்ணு இருக்கா, வை. அவ்வளவுதான் அதோட உலகம். இதுக்குத்தானே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

பேக்கப்பை எடுத்துப் போடலாமே என்றாள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பேக்கப் தானாக எடுக்கும், பழையதன் மேலேயே புதியதை எழுதும், இடத்துக்குச் செலவு செய்ய முதலாளிக்கு மனசில்லை என்றார். அப்படியென்றால் பேக்கப்பிலும் இப்போது அதுதான். பின்னோக்கி ஓட்டினால்? குமாஸ்தா திரும்புவதற்கான உத்தரவையும் எழுதி வைத்திருக்குமே?

“தட்டு வரும். தட்டுல இருந்தது வராது. விட்டுடும்மா, காலைல எல்லார்கிட்டயும் கேட்டு வாங்கி மறுபடி ஏத்திக்கலாம். வெறும் பேருதானே.”

வெறும் பேர்.

போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். அக்காவின் வலது கண்ணின் மேல் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. கருவிழிமேலேயே. இமை அசையவில்லை. கொசு தன் கால்களைத் தேய்த்துக்கொண்டு, ஒன்றும் கிடைக்காமல், பறந்து போனது.

காலை வரைக்கும் இதோடு இருக்க முடியாது.

அவள் பின்னோக்கி ஓட்டச் சொல்லி என்டரை அமுக்கினாள்.

குமாஸ்தா வேலையை ஆரம்பித்தது. முதல் வரி திரையில் ஓடியது. உடனிருப்பவர் என்ற கட்டம், அதில் உள்ளவற்றோடு, நீக்கப்பட்டது.

நாற்காலி காலியாக இருந்தது.

சத்தமில்லை. மறைவதைப் பார்க்கவில்லை. இமைத்தாள், திறந்தாள், இல்லை. நாற்காலியின் மெத்தையில் உட்கார்ந்திருந்த பள்ளம் மட்டும் மெல்ல, மூச்சு வாங்குகிற மாதிரி, மேலே எழும்பிச் சமமாகியது.

எதிர் வீட்டில் நர்ஸ் கத்தினாள்.

அதற்குக் கீழே ஒரு கத்தல். அதற்கு மேலே. பாத்திரம் விழுகிற சத்தம். கதவுகள். பெயர்கள். மாடி மாடியாகப் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஜனம் ஓடியது. கட்டிலுக்கு அடியில், குளியலறையில், பால்கனியில்.

திரையில் அடுத்த வரி வந்து நின்றது. சார்ந்தவர் என்ற கட்டம் சேர்க்கப்படுகிறது. கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி. அதற்குக் கீழே கர்சர்.

துடித்தது. துடித்தது.

கேட்கிறது. பதிலுக்குக் காத்திருக்கிறது. பதில் வராதவரை அக்கா எங்கேயும் இல்லை.

அக்கா, என்று தட்டினாள். போதாது. அக்கா என்றால் யார்? எழுது. எழுதினால்தான் இருப்பாள். டிரைவிங் ஸ்கூல் டீச்சர். முட்டிவலிக்காரி. கட்டைக் குரல். என்னைச் சுண்டெலி என்று கூப்பிடுவாள். சாப்பிட்டாயா என்று கேட்பாள். இளைத்துவிட்டாய் என்று திட்டுவாள். தலைவலி என்றால் தலையைக் கோதிவிடுவாள். என்னை விட்டுப் போகமாட்டாள்.

அப்புறம்?

விரல்கள் நின்றன. அப்புறம் என்ன? அக்காவுக்கு என்ன பிடிக்கும்? யாரையாவது பிடித்திருந்ததா? ஒரு தடவை குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு குளியலறையில் அழுதாளே, எதற்கு? கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து ஒரே வீடு. கேட்டதேயில்லை. எழுத எழுத ஊற்றெடுக்கும் என்று நினைத்தாள். ஒரு பத்தியோடு வற்றிவிட்டது. எல்லாம் தனக்கு அக்கா செய்தவை. அக்கா மட்டும் அதில் இல்லை.

எதிர் வீட்டில் நர்ஸ் மகள் பெயரைச் சொல்லிச் சொல்லி அலறினாள். சுவர் அதிர்ந்தது.

போதும். இது போதும். வரட்டும்.

கர்சருக்கு மேலே இருந்த வரியை அவள் படிக்கவில்லை.

என்டர்.

“சாப்டியாடி, சுண்டெலி?”

அவள் திரும்பினாள். அக்கா நாற்காலியில் இருந்தாள். கண்ணில் ஆள் இருந்தது. குரலில் கட்டை இருந்தது. அவள் பாய்ந்து போய் அந்த மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. அக்கா அவள் தலையைக் கோதினாள்.

“இளைச்சுட்ட. எதாவது ஒழுங்கா சாப்டறியா இல்லையா நீ?”

“சாப்டறேன்க்கா. நான் உன்னை... நான் என்ன பண்ணிட்டேன் தெரியுமா? பயந்துட்டேன்க்கா.”

“சாப்டியா?” என்றாள் அக்கா.

கை தலையைக் கோதிக்கொண்டேயிருந்தது. ஒரே அளவில். ஒரே இடத்தில்.

அவள் மெதுவாக முகத்தைத் தூக்கினாள். “இன்னிக்கு கிளாஸ் எப்படிக்கா இருந்துச்சு? யாரு வந்தா?”

அக்காவின் வாய் திறந்தது. ஏதோ வரப் பார்த்தது. வரவில்லை. கண்ணில் ஒரு சின்னத் தவிப்பு, இருட்டில் படியைத் தேடுகிற கால் மாதிரி, எட்டிப் பார்த்து, தரை கிடைக்காமல் பின்வாங்கியது.

“இளைச்சுட்டடி” என்றாள்.

வெளியே கத்தல்கள் அடங்கிவிட்டிருந்தன. இப்போதுதான் கவனித்தாள். எல்லாக் கத்தலும், ஒரே நேரத்தில்.

அவரவர் வீட்டு ஆட்கள் திரும்பி வந்திருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

லேப்டாப்பைப் பார்த்தாள். அவள் எழுதியதற்கு மேலே, படிக்காமல் விட்ட வரி இருந்தது. குமாஸ்தா மாலையில் கேட்ட அதே கேள்வியின் அதே வால். நீங்கள் தரும் ஒரே பதில் எல்லா வரிசைகளிலும் இடப்படும்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. சின்னப் பாதங்களின் சத்தம், நிதானமாக, முட்டிவலிக்காரி நடக்கிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தது. பின்னால் நர்ஸின் குரல்: “எங்கடா போற? அம்மா இங்க இருக்கேன். என்னைப் பாரு தங்கம்.”

கதவில் உள்ளங்கையால் தட்டினார்கள்.

“சுண்டெலி.”

சிறுமியின் தொண்டையிலிருந்து வந்தது. அக்காவின் குரலில் வந்தது.

அக்காவின் கைக்கு அடியிலிருந்து தலையை அவளால் எடுக்க முடியவில்லை. கோதுகிற கை அழுத்தமாக இருந்தது. “யாருடி அது?” என்று இந்த அக்கா கேட்கவில்லை. கேட்கச் சொல்லி யாரும் எழுதவில்லை.

படிக்கட்டில் காலடிகள். மேலிருந்து. கீழிருந்து. செருப்புக் கால், வெறுங்கால், ஊன்றுகோல், தரையில் இழுபடுகிற சக்கரம். எதுவும் ஓடவில்லை. வீட்டுக்குத் திரும்புகிறவர்களின் நடை. லிஃப்ட் மணி அடித்தது.

“சாப்டியாடி?” போஸ்ட்மாஸ்டரின் கரகரத்த தொண்டையில் அக்காவின் குரல்.

“இளைச்சுட்ட.” யாரோ ஒரு பையன். குரல் உடைகிற வயது.

“சுண்டெலி. திற.”

“சுண்டெலி.”

தலையை உதறிக்கொண்டு எழுந்தாள். கதவில் சாய்ந்து, கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள்.

வராந்தா நிறைந்திருந்தது. கிழவர்கள், மனைவிமார், கணவன்மார், சீருடை மாற்றாத பிள்ளைகள். எல்லா முகத்திலும் ஒரே வாஞ்சை. எல்லோருடைய வலது கையும் கொஞ்சம் முன்னால் நீண்டு, விரல்கள் விரிந்து, ஒரு தலையைத் தேடிக் காற்றைக் கோதிக்கொண்டிருந்தன. அவர்களுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிக்கொண்டு, அவரவர் வீட்டுக்காரர்கள் நின்றார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப்போன முகங்கள். போஸ்ட்மாஸ்டரின் மகன் அப்பாவின் சட்டை நுனியை மட்டும் பிடித்திருந்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் ஆள் முன்னால் வந்தார். இரண்டாம் மாடிக்காரர். மனைவி பிரசவத்தில் போனதிலிருந்து கைக்குழந்தையோடு தனியாக இருப்பவர். குழந்தை அவர் தோளில் இருந்தது. குழந்தையைத் தன் உடம்பிலிருந்து தள்ளித் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார், கீழே போடவும் முடியாமல்.

“கதவத் திறங்கம்மா” என்றார், அழாமல், மிகவும் மரியாதையாக. “இது உங்களத்தான் கேக்குது.”

குழந்தை தலையைத் திருப்பியது. இன்னும் கழுத்து நிற்காத குழந்தை. கண்ணாடித் துளைக்கு நேராக, அவள் கண்ணுக்கு நேராகப் பார்த்தது. பிறகு அந்தச் சின்ன வாய், ஒரு பல்கூட இல்லாத ஈரமான வாய், அகலமாகத் திறந்தது.

“இந்த ஆளுகிட்டேர்ந்து என்னை வாங்கிக்கோடி” என்றது, கட்டைக் குரலில். “நான் உன்னை விட்டுப் போகமாட்டேன்.”